தோமோவுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்

சிவப்பு விளக்கு இன்னும் அணையல. அணைஞ்சாத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. உள்ள எவனோ ஒரு ராஜா ரொம்ப நேரமா செத்துக்கிட்டே இருக்கான், கன்சோல் ரூம் கதவைச் சாத்தாம விட்டதுல எல்லாம் வெளிய கேக்குது. தாயே நான் போகிறேன், தாயே நான் போகிறேன். போயேன்டா, யாரு உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. வயித்துல கத்தி இறங்கினவன் இவ்வளவு தெளிவா றகரம் சொல்லுவானா, அதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்குத்தான் தோணும். எனக்கு இதான் வியாதி, எதைப் பார்த்தாலும் இது தப்பு, இது இப்படி இல்லன்னு உள்ள ஒருத்தன் எந்திரிச்சு நிப்பான். எதிர்ல செவுத்துல அமைதி காக்கவும்னு எழுதி ஒட்டியிருக்கு, அந்தக் காகிதமே ஃபேன் காத்துல படபடன்னு அடிச்சுக்குது. சோபா நடுவுல குழி, எந்தப் பக்கம் உக்காந்தாலும் குழிக்குத்தான் வழுக்குது. சாலிகிராமத்துல எந்த டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போனாலும் இதே சோபாதான், எங்கேர்ந்து வாங்குறாங்களோ. எத்திராஜ், கொஞ்சம் சும்மா இரு. தொண்டையைக் காப்பாத்து. இன்னைக்குச் சோபாவைத் திருத்துற நாள் இல்ல. இன்னைக்கு நீ தோமோ. இல்ல, இன்னும் இல்ல. இன்னைக்குப் பேசிக் காட்டி, அது பிடிச்சிருந்தா, டப்பிங் டைரக்டர் வத்சலா மேடம் ஜப்பானுக்கு அனுப்பி, அவங்களுக்கும் பிடிச்சிருந்தாத்தான் நீ தோமோ. பிடிக்கலன்னா வெளியிலேர்ந்து எவனாவது வருவான், நீ பழையபடி ஷிராகியா அவன் பக்கத்துல போய் நிப்ப. செத்தாலும் நிக்க மாட்டேன். நிப்ப. நிக்காம எங்க போவ.

முதல் நாள் அந்தம்மா சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. ஜப்பான்ல மேடைக் காமெடின்னா ரெண்டு பேரு சார், ஒரே மைக், ஒருத்தன் உளறுவான், அவனுக்கு போக்கேன்னு பேரு. இன்னொருத்தன் என்னடா உளர்றன்னு அவன் மண்டையில தட்டுவான், அவன் சுக்கோமி. இந்தக் கார்ட்டூன் தொடர் பூரா ஒசாகாவுல அப்படி மேடை ஏறுற ரெண்டு பசங்க கதை. தோமோ உளறுறவன். ஷிராகி தட்டுறவன். சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க, பக்கத்துல நின்ன மோசஸைப் பார்த்தாங்க, மறுபடி என்னைப் பார்த்து, உங்க குரல்ல ஒரு நேர்மை இருக்கு எத்திராஜ் சார், நீங்க ஷிராகி, மோசஸ் சார் தோமோன்னாங்க. நேர்மை. இந்த நேர்மையாலதான் என் பிழைப்பே நாசமாப் போச்சு. பூனைப் படத்துல பூனைக்குச் சோறு வைக்கிற வீட்டுக்காரன் நான். பேய்ப் படத்துல அந்தப் பக்கம் போகாதேன்னு சொல்ற வாத்தியார் நான். எவன் குதிச்சாலும் வேண்டாம்டா, யோசிடான்னு பக்கத்துல நின்னு சொல்றவன் நான், சொன்னது கடைசியில சரியாத்தான் இருக்கும், சரியாச் சொன்னவனை எந்தக் குழந்தைக்காவது பிடிச்சிருக்கா. ஸ்கூல் பையில தோமோ. தண்ணி பாட்டில்ல தோமோ. பொண்ணு ஷாமிலி பொறந்தநாளுக்கு கேக் ஆர்டர் பண்ணப்போ நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ரெண்டு பேர் படமும் போடணும்பா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் கதையே. சரி சார், சரி சார்னு தலையை ஆட்டுனான். வந்த கேக்கைத் திறந்தா முழுக்கத் தோமோ, மூலையில ஷிராகி கை மட்டும். மணிக்கட்டோட கட். தட்ட ஓங்குன கை, அதுக்கு மேல ஆளே இல்ல. இடம் பத்தல சார்ங்கிறான் கடைக்காரன். கலாவதி அதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா, அப்பாவோட கையை அப்பாவுக்கே குடும்மான்னு ஷாமிலிகிட்ட சொல்றா, புள்ளை அதை வெட்டி என் வாயில ஊட்டுது. தின்னேன். என்ன பண்றது, தின்னேன். அன்னைக்குச் சாயங்காலம் மோசஸ் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வரி தோமோ குரல்ல பேசினான், வந்த பிள்ளைங்க எல்லாம் அவன் மேல ஏறி உக்காந்துக்கிச்சு. என் வீடு. என் பொண்ணு பொறந்தநாள். நான் தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன்.

பொறாமைன்னு சொன்னா அசிங்கமா இருக்கு. இருக்கட்டும், பொறாமைதான், எனக்குள்ள சொல்லிக்கிறதுக்கு என்ன வெக்கம். அவன் மேல எனக்கு வயிறு எரியுது. அவன் ஒண்ணும் பண்றதில்ல, அதான் எரியுது. வர்றான், டீயை உறிஞ்சுறான், வசனத்தை ஒருதடவை பார்க்குறான், தூத்துக்குடி இழுவையில இழுத்து விடுறான், அவ்வளவுதான். வேற எல்லா இடத்துலயும் இப்போ ஆளாளுக்குத் தனித்தனியா வந்து பேசிட்டுப் போயிடுறாங்க, பக்கத்துல யாரு பேசினான்னே தெரியாது. இந்தத் தொடருக்கு மட்டும் மேடம் விட மாட்டேன்னுட்டாங்க. ஜப்பான்ல எப்படியோ இங்கயும் அப்படி, ரெண்டு பேரும் ஒரே மைக்ல நிக்கணும், தட்டுறதை நிஜமாவே தட்டணும், தட்டு வாங்குனவன் குரல் குலுங்கணும். அதுக்காக மோசஸ் தோள்ல ஒரு துண்டை நாலா மடிச்சுப் போட்டுக்குவான், நான் அதுல ஓங்கி ஒண்ணு வைப்பேன். எத்திராஜ் சார் அடி ரொம்ப நேச்சுரல்னு மேடமே சொல்லுவாங்க. நேச்சுரலா இல்லாம. பையில அவன், பாட்டில்ல அவன், கேக்ல அவன், எல்லாத்தையும் சேர்த்துத்தானே வைக்கிறேன். அதுக்கும் அவன் சிரிப்பான், ஏல எத்தி, நேத்து வீட்ல சண்டையாம்பான். ஒருநாள்கூடக் கோச்சுக்கிட்டதில்ல. கோச்சுக்கிட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். இன்னொண்ணு, இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, என் வசனம் ஒண்ணுகூட நிம்மதியா வெளிய வந்ததில்ல. தோமோ உளறி முடிப்பான், கன்சோல் ரூம்ல இருக்கறவங்க அப்படியே உக்காந்திருப்பாங்க, நான் தட்டி ஒரு வார்த்தை சொல்லுவேன், சொல்லி வாயை மூடல, அதுக்குள்ள சிரிப்பு வந்து விழும். அவனுக்குச் சிரிக்கிற சிரிப்பு, லேட்டா வந்து என் தலையில விழுது. ஜப்பான்காரன் மேடையிலயும் அப்படித்தான், அந்த ஒரிஜினல் ஷிராகி முகத்தைப் பார்த்தாலே தெரியும், இவனும் எரிஞ்சுக்கிட்டுத்தான் நிக்கிறான்னு. கார்ட்டூன் முகம்தான், ரெண்டு கோடு, ஒரு கண்ணாடி. இருந்தாலும் எனக்குத் தெரியும். ஷாப்பிங் மாலுக்கு ஒருதடவை என்னையும் மோசஸையும் கூப்பிட்டிருந்தாங்க, ஒரு அம்மா நேரா என்கிட்ட வந்தாங்க, நான் சட்டையைச் சரி பண்ணிக்கிட்டேன், அங்கிள் கொஞ்சம் எங்களையும் அவரையும் ஒரு போட்டோ எடுங்களேன்னு போனை நீட்டுனாங்க. எடுத்தேன். கை ஆடாம நல்லா எடுத்தேன். அதுலயும் நேர்மை.

ராஜா செத்துட்டான். இல்ல, ரீடேக். அடப்பாவி. மோசஸுக்குத் தொண்டையில கட்டின்னு சேதி வந்தப்போ நான் பஸ்ல இருந்தேன், வடபழனி சிக்னல். கலாவதிதான் போன்ல சொன்னா, மோசஸ் அண்ணனுக்குக் குரல் நாண்ல கட்டியாம், ஆபரேஷனாம், பயப்பட ஒண்ணும் இல்லையாம், ஆனா பழைய உச்சக் குரல் வராதாம். ஐயோ பாவம்னுதான் முதல்ல நினைச்சேன். பொய். முதல்ல தோமோன்னுதான் நினைச்சேன். ஐயோ பாவம் அடுத்த ஸ்டாப்புல வந்துச்சு. அதுக்கு மேல எனக்குள்ள எவ்வளவு சுத்தி வளைச்சாலும் இதுதான் நடந்தது, நெஞ்சுக்குள்ள ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது, அப்போ பஸ்ல இருந்தவங்க மூஞ்சியெல்லாம்கூட நல்ல மூஞ்சியாத் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போனேன். அவன் பேசக் கூடாது, சைகையிலயே பக்கத்து பெட்காரனைச் சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தான். பேசாமலே. அங்கயும் எனக்கு எரிஞ்சுது, இதுக்கு மேல ஒருத்தன் என்ன கேவலப்படணும். ஆனா தோமோ எனக்கு வரும். வரும்னு எனக்குத்தான் தெரியும். பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு எத்தனை நாள் பேசியிருக்கேன், அந்த இழுவை, அந்த மூக்கு, வார்த்தை முடியிற இடத்துல மேல ஏறுற அந்தக் கொக்கி. ஒருநாள் கதவைத் தட்டி கலாவதி கேட்டா, மோசஸ் அண்ணன் எப்ப வந்தாரு, ஏன் பாத்ரூம்ல இருக்காருன்னு. என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல. அதுக்கப்புறம்தான் தைரியம் வந்து மேடம்கிட்ட நானே போய்க் கேட்டேன், தொடரைச் சினிமாவா எடுக்குறாங்களாமே, தோமோவை நான் பண்றேன் மேடம்னு. அவங்க தயங்கினாங்க. அப்போ ஷிராகின்னாங்க. ஷிராகியை யாரு வேணா பண்ணலாம் மேடம், அதுல என்ன இருக்கு, சும்மா தட்டுறதுதானேன்னேன். நேத்து போன் பண்ணி, எதிர்ல நின்னு வசனம் எடுத்துக் கொடுக்க மோசஸ் சாரே வர்றாரு, கீழ்க் குரல் நல்லாத்தான் இருக்கு, அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்னாங்க. ஏன், வேற ஆளே கிடைக்கலையா. அவன் முன்னாடி அவன் குரலை நான் பேசணுமா. சரி பேசுறேன். பேசுறேன்டா. பார்த்துக்கிட்டு நில்லு. வாசல்ல செருப்புச் சத்தம். அவன் நடை எனக்குத் தெரியாதா, காலைத் தேய்ச்சுத்தான் நடப்பான். இளைச்சுட்டான். கழுத்துல மஃப்ளர், இந்த வெயில்ல மஃப்ளர். ஏல எத்தின்னு கையை நீட்டுறான், குரல் அடியிலேர்ந்து வருது, மணல்ல எதையோ இழுக்குற மாதிரி. எனக்குக் கண்ணு கலங்குது, அதுவும் நிஜம்தான். ரெண்டும் நிஜமா இருக்க முடியுமா. முடியும்போல. துண்டு எடுத்தாந்திருக்கேன்லங்கிறான், இன்னைக்கு ஒந் தோளுக்கு. விளக்கு அணைஞ்சுடுச்சு.

உள்ள எப்பவும்போல ஏசி குளிரு, எப்பவும்போல அந்தப் பழைய கார்ப்பெட் வாடை, நான் எப்பவும்போல மைக்குக்கு வலது பக்கம் போய் நிக்கிறேன். மோசஸ் என்னைப் பார்த்து, ஏல, நீ இன்னைக்கு இந்தப் பக்கம்லாங்கிறான். ஆமா. இடம் மாறி நிக்கிறேன். எல்லாமே திருப்பி இருக்கு, திரை அந்தப் பக்கமாத் தெரியுது, கண்ணாடிக்குப் பின்னாடி மேடமும் சவுண்ட் இன்ஜினியர் பிரான்சிஸும் வேற கோணத்துல தெரியுறாங்க. மோசஸ் துண்டை மடிச்சு என் தோள்ல போடுறான், ஒரு ஓரத்தை இழுத்துச் சரி பண்றான், அவன் இப்படி மடிச்சுப் போட்டுக்கிட்டப்போ எல்லாம் நான் பார்த்துக்கிட்டு நின்னதோட சரி, ஒருநாளும் உதவி பண்ணதில்ல. காட்சி ஓடுது. தோமோ சாப்பாட்டுக் கடை திறக்கப் போறான், அதை மேடையில ஷிராகிகிட்ட விளக்குறான். வாயைத் திறக்குறேன். வருது. குரல் வருது, கொக்கி வருது, இழுவை வருது, பிரான்சிஸ் புருவத்தைத் தூக்கிட்டு மேடத்தைப் பார்க்கிறான், பாருடா, பாரு. நம்ம கடையில ஒரே ஒரு கண்டிஷன், பசியோட வர்றவங்களுக்கு அனுமதி இல்ல. மோசஸ் மெதுவா, அப்புறம் எவன்டா கடைக்கு வருவான். நான், எல்லாரும் சாப்பிட்டுட்டு வரட்டும், நம்ம கடைக்கு நல்ல பேரு கிடைக்கும், வெளிய போறவனை யாரு கேட்டாலும் வயிறு நிறைஞ்சுதுன்னுதான் சொல்லுவான். அருமையா வந்துச்சு, எனக்கே தெரியுது, என் வாழ்க்கையில இவ்வளவு சுத்தமா ஒரு வரி வந்ததில்ல, இங்க நிறுத்தணும், இங்க நிறுத்திட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கணும், அவன் தட்டுவான். நிக்கிறேன். ஆனா இது தப்பாச்சே. இந்த ஆளு சொல்றது தப்பாச்சே, சோறு போட்டது பக்கத்துக் கடைக்காரன், பேரு மட்டும் இவனுக்கு எப்படி வரும், உள்ள ஒருத்தன் எந்திரிச்சுட்டான், மூச்சை இழுத்துட்டான், மோசஸ் கையைத் தூக்குறதுக்குள்ள தோமோ குரல்லயே என் வாய் சொல்லிடுச்சு, அது பக்கத்துக் கடைக்காரன் போட்ட சோறுடா.

யாரும் சிரிக்கல. பிரான்சிஸ் கை ரெக்கார்டிங்கை நிறுத்துற பட்டன்கிட்ட போகுது, மேடம் வேண்டாம்னு அவன் கையைப் பிடிக்கிறாங்க. திரையில ஷிராகி கையை ஓங்கினபடி வாயைத் திறந்து மூடுறான், அவன் சொல்ல வேண்டியதை நான் தின்னுட்டேன். இத்தனை நாள் உளறுறவனைத் திருத்தித் திருத்தி, உளறக் கிடைச்ச அன்னைக்கு என்னையே திருத்திக்கிட்டேனே, இந்த மாதிரி ஒரு முட்டாள்தனம் வேற எவனுக்கு வரும். மோசஸ் என்னைப் பார்க்கிறான். அவசரமே இல்ல அவனுக்கு. நானா இருந்தா அந்நேரம் அடிச்சிருப்பேன், அவன் பார்த்துக்கிட்டே இருக்கான், மூச்சு விடுறது கேக்குது, அப்புறம் உள்ளங்கையைத் துண்டு மேல லேசா வச்சு ஒரு தட்டு, வலிக்கவே இல்ல, அந்த மணல் குரல்ல, அதையும் நீயே சொல்லிட்டா நான் எதுக்குல இங்க நிக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் சிரிப்புத் தாங்காம மேஜை மேல கவுந்துட்டாங்க. பிரான்சிஸ் ஹெட்போனைக் கழட்டிட்டுச் சிரிக்கிறான், டாக்பேக் ஸ்பீக்கர்ல அவன் சிரிப்பு கரகரன்னு வந்து ரூம் பூரா விழுது. நான் அந்தச் சிரிப்பைத் தேடுறேன். அது எனக்கா. நான்தானே உளறினேன், உளறுறவனுக்குத்தானே. இல்ல. நான் உளறினப்போ ஊசி விழுந்தாக் கேட்டிருக்கும். அவன் தட்டினான், அவன் சொன்னான், அப்புறம்தான் வந்துச்சு. அவன் சொல்லி வாயை மூடல, அதுக்குள்ள வந்துச்சு. மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை நான் சரியா நிறுத்தினேன், சத்தியமா சரியா நிறுத்தினேன், எல்லாரும் உக்காந்திருந்தாங்க, அவன் சொன்னான், சிரிச்சாங்க. இன்னொரு காட்சி. அதுலயும் அதே இடம். லேட்டா வந்து என் தலையில விழுதுன்னு நான் திட்டிக்கிட்டே இருந்த சிரிப்பு லேட்டா வந்ததே இல்ல. அது கிளம்பினதே தட்டுறவன் வாயிலேர்ந்துதான், என் வாயிலேர்ந்துதான். அத்தனை வருஷமும் அது என்னோடது, நான் அதைத் தூக்கித் தூக்கி அவன் பக்கம் போட்டுட்டு வயிறு எரிஞ்சுக்கிட்டு நின்னிருக்கேன். சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா யாராவது.

மேடம் உள்ளயே வந்துட்டாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. இப்படியே போயிடலாம், ரெண்டு பேரையும் இப்படியே மாத்திடலாம், மோசஸ் சார் அந்தக் கரகரப்பு இருக்கே, ஷிராகிக்கு உயிரே வந்துடுச்சு, ஜப்பான்காரங்க கொண்டாடுவாங்க பாருங்க. எத்திராஜ் சார், உங்களுக்கு ஓகேதானே, நீங்க கேட்டதுதானேன்னாங்க. மேடம், ஒரு நிமிஷம், ஷிராகியை நானேன்னு ஆரம்பிச்சேன். யாரு வேணா பண்ணலாம்னீங்களே சார்னு சிரிச்சாங்க. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, தோமோ நல்லா வருது சார், நிஜமாவே நல்லா வருதுன்னு என் கையைத் தட்டிட்டுப் போனாங்க. ஆறுதல் சொல்றவங்க குரல் எனக்குத் தெரியாதா, நான் இத்தனை வருஷம் அந்தக் குரல்லதானே பொழைச்சேன். ஷாமிலிக்குச் சந்தோஷமா இருக்கும். எங்கப்பாதான் தோமோன்னு ஸ்கூல்ல சொல்லிக்கும். அதுக்குத்தானே இவ்வளவும். அதுக்குத்தான். எனக்கு வலது பக்கம் போய் நிக்கணும்போல இருக்கு. அங்க மோசஸ் நிக்கிறான், மஃப்ளரைத் தளர்த்திட்டு, மைக் ஸ்டாண்டை அவன் உயரத்துக்குத் திருகிக்கிட்டே நிக்கிறான், ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் முகத்துல இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கல. ஏல எத்தி, இங்க நிக்கது எவ்வளவு சொகமா இருக்குங்கிறான், ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கியால நீ. கேலி இல்ல, நிஜமாத்தான் கேக்குறான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சிரிச்ச முகத்தோட என்னையே பார்த்துக்கிட்டு, நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருக்கான், கை லேசா மேல ஏறி நிக்குது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் இப்பவே சிரிக்கத் தயாரா இருக்காங்க. நான் எதைச் சொன்னாலும் அதுக்கு அப்புறம் அவன் ஒண்ணு சொல்லுவான். வாயை மூடிட்டேன்.